பேருக்கு ஒரு தலைவி

இந்தக் கட்சிய இனிமே நான்தான் தூக்கி நிறுத்தணும்னு முடிவு பண்ணின அன்னைக்கு எனக்கு வயசு நாப்பத்திரெண்டு, இடுப்புல பிடிப்பு.

2006 மே மாசத் தேர்தல்ல எங்க நாட்டுமக்கள் பேரவைக்கு ஊரு பூத்துல விழுந்தது பதினோரு ஓட்டு. கிளையில உறுப்பினரு பதினாலு பேரு. மிச்ச மூணு ஓட்டு எங்க போச்சுன்னு ஒரு வாரம் யோசிச்சேன். எம்பொண்டாட்டி அம்சவள்ளி சோத்தப் போட்டுக்கிட்டே, "ரொம்ப மண்டையப் போட்டு ஒடைச்சுக்காதீங்க. அதுல ஒண்ணு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்"னா. அதோட யோசனைய நிறுத்திட்டேன்.

எம்பேரு மணிவேல். வாலிகண்டபுரத்துலேர்ந்து மூணு மைலு உள்ள தள்ளி எங்க ஊரு. கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டுறது தொழிலு. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது பாஸ். இருபது வருஷமா கிளைச் செயலாளரு. அந்த இருபது வருஷத்துல நான் கட்சிக்குச் செஞ்ச பெரிய காரியம் வழிமொழிஞ்சது. கூட்டத்துல எவனாச்சும் "முன்மொழிகிறேன்"னு முடிச்சாப் போதும், நான் எந்திரிச்சு "வழிமொழிகிறேன்!"னு ஒரு சத்தம் குடுப்பேன். மைக்கே வேணாம். என்ன ஏதுன்னு கேக்கற பழக்கமும் கெடையாது. கேட்டா அது வழிமொழியறதுல சேராது, விசாரணை.

இதுல ஒரு சங்கடம். பொங்கலுக்கு வந்த மச்சினன் விளையாட்டா, "அக்காவுக்கு மிக்சி வாங்கணும்னு முன்மொழிகிறேன்"ன்னான். வாய் முந்திருச்சு. மிக்சி இப்பவும் வூட்டுல ஓடுது.

ஜூன் மாசம் பெரம்பலூர்ல மாவட்டக் கூட்டம். செயலாளர் செல்லதுரை அண்ணன் மேசையத் தட்டினாரு.

"கட்சிய அடியிலேர்ந்து கட்டணும்யா! ஊருக்கு ஒரு இளைஞர் மன்றம். மன்றத்துக்கு ஒரு இ-மெயிலு. வெளியூரு போன பசங்கள கம்ப்யூட்டர்லயே சேக்கணும். எந்த மன்றம் பெருசோ, அந்த ஊருக்குத்தான் அக்டோபர்ல ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு!"

யாரோ முன்மொழிஞ்சாங்க. நான் வழிமொழிஞ்சேன். அதுக்கப்புறந்தான் கடைசி ஷரத்து காதுல விழுந்துச்சு. மன்றத் தலைவருக்கு முப்பத்தஞ்சு வயசு தாண்டியிருக்கக் கூடாது.

அந்தச் சீட்டு மேல எனக்கு இருபது வருஷக் கண்ணு. அன்னையிலேர்ந்து ஒரு எடத்துல நெலையா இருக்க முடியல. உக்காந்தா எந்திரிக்கணும். எந்திரிச்சா நடக்கணும். காயில் கட்டும்போது சுத்து விட்டுப்போச்சு. அந்த மோட்டாரு தண்ணி எடுக்கல, பொகைதான் எடுத்துச்சு.

யாரைத் தலைவராப் போடுறது? ஊருல மிச்சமிருந்த இளைஞனுங்க ஆறு பேரு. மத்தவனெல்லாம் திருப்பூரு, சிங்கப்பூரு, துபாயி. இருக்கற ஆறுல மதுரைவீரன் ஒருத்தன்தான் தேறுவான். தேறுறவனைத் தலைவராப் போட்டா சீட்டையும் அவனே தூக்கிட்டுப் போயிடுவான். வாசலுக்கும் கொல்லைக்கும் நாப்பது தடவ நடந்தேன். நாப்பத்தோராவது தடவ அடுப்படியில அம்சவள்ளி கண்ணுல பட்டா. வயசு முப்பத்திமூணு.

"ஏ அம்சா, நீ இளைஞர்தானே?"

"காலங்காத்தால என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"மன்றத்துக்குத் தலைவியா இரு. சும்மா பேருக்குத்தான். பேரு உன்னுது, வேல என்னுது."

"ரேஷன் கார்டுல இதுக்கு நேர் மாறால்ல இருக்கு? பேரு உங்களுது, க்யூவுல நிக்கறது நானு."

"நீ எதுக்கும் அலட்டிக்காத. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"மத்ததெல்லாம்?"

"எல்லாந்தான். கட்சி மேல சத்தியம்."

"பதினோரு ஓட்டு மேலயா? வேணாங்க. நோட்டுல எழுதிக்கலாம்."

அவ மகளிர் சுயஉதவிக்குழுவுல செயலாளரு. குழுவுல தும்மினாக்கூட தீர்மான நோட்டுல ஏத்தி, கையெழுத்து வாங்கிடுவாங்க. அதே கையோட புது நோட்டு ஒண்ணப் பிரிச்சு எழுதினா. தீர்மானம் ஒன்று: மன்றத் தலைவி அம்சவள்ளி. தீர்மானம் இரண்டு: மற்ற எல்லா வேலைகளையும் மணிவேல் பார்த்துக்கொள்வது.

பொம்பளைங்களுக்கு இந்த நோட்டுப் பைத்தியம் எப்பதான் தீருமோன்னு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். கிளைச் செயலாளர்னு சீலும் குத்தினேன்.

அடுத்த வாரம் பெரம்பலூரு பிரவுசிங் சென்டரு. நான் சொல்லச் சொல்ல அவ அடிக்கறதா ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன்னாடியே அரியலூர்ல டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினவ. அந்த டப்பா ரூமுல நாற்காலி ஒண்ணுதான். அவ உக்காந்துட்டா. நான் பின்னாடி நடந்தேன். கடைக்காரரு எட்டிப் பாத்து, "சார், நீங்க வெளிய போயி நடங்க. கம்ப்யூட்டரு ஆடுது"ன்னாரு.

திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

"பாஸ்வேர்டு என்ன வச்ச?"

"அது தலைவருக்கு மட்டுந்தான் தெரியணுமாங்க."

"நீ பேருக்குத்தானே தலைவி?"

"கம்ப்யூட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியல."

உறுப்பினர் சேக்க நான் கேரம் போர்டு வாங்கி வச்சேன். ஆறு பேரு வந்தானுங்க. ஆறு பேரும் ஆடினானுங்க. ஒருத்தனும் ஏழாவது ஆளைக் கூட்டிட்டு வரல.

அவ என்ன பண்ணினா? குழுவுல கொளஞ்சின்னு ஒரு பொம்பள, புருஷன் சிங்கப்பூர்ல வெல்டரு. அவனோட இ-மெயில வாங்கினா. அவன்கிட்டேர்ந்து ரூமுல இருக்கற நாலு பேரோடது. அந்த நாலு பேரு திருப்பூர்ல இருக்கற தம்பிங்களோடது. எல்லாருக்கும் சேத்து ஒரு கடுதாசி அடிச்சுவுட்டா. "காலை எட்டு மணி டவுன் பஸ்ஸு நம்ம ஊருக்குள்ள திரும்பாம மெயின் ரோட்டோட போயிடுது. உங்கம்மா எப்படி ஆஸ்பத்திரி போறாங்கன்னு கேட்டீங்களா?"

அவ்வளவுதான். துபாயிலேர்ந்து ஒருத்தன் அழுதான். திருப்பூர்ல ஒருத்தன் கெட்ட வார்த்தையில எழுதினான். எல்லாத்தையும் பிரிண்டு எடுத்துக்கிட்டு, இருபது பொம்பளைங்களோட டெப்போவுல போயி நின்னா. ஒரே மாசத்துல பஸ்ஸு ஊருக்குள்ள வந்துருச்சு.

பஸ்ஸுக்கு மொத மாலைய நான்தான் போட்டேன். டிரைவரு கண்ணாடிய இறக்கி, "அந்தக்கா வரலீங்களா?"ன்னாரு.

போகட்டும். மெயிலு போட்டவனெல்லாம் சேந்து, மன்றத்துல இப்ப நூத்தி நாப்பத்திமூணு பேரு. அரியலூரு பக்கத்துல எவனும் தொண்ணூறத் தாண்டல. சீட்டு எங்க ஊருக்குத்தான். எங்க ஊருன்னா நான்தான்.

செப்டம்பர் கடைசியில வேட்பாளர் தேர்வு, எங்க ஊரு மகளிர் குழுக் கட்டடத்துலயே. செல்லதுரை அண்ணன் ஜீப்புல வந்தாரு. நான் கஞ்சி போட்ட சட்டை. என் பேர முன்மொழிய மதுரைவீரனைத் தயார் பண்ணி வச்சிருந்தேன். ஆனா உக்கார முடியல. மைக்கத் தட்டினேன். பேனரை இழுத்துக் கட்டினேன். அவுத்துட்டு மறுபடி கட்டினேன்.

அம்சவள்ளி கிட்ட வந்து காதுல சொன்னா. "ஏங்க, உங்க பேரச் சொல்லும்போது நீங்களே எதிர்ல நின்னா நல்லாவா இருக்கும்? டீ என்னாச்சுன்னு பாத்துட்டு வாங்களேன்."

நியாயந்தான். நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல. டீக்கடைக்குப் போனேன். அங்கயும் நடந்தேன். தூக்குப் பாத்திரத்தோட திரும்பி வந்து வாசல்ல ஒரு கால் வச்சேன். உள்ள மைக்குல கொளஞ்சி கொரலு.

"...அவர்களையே ஒன்றியக் கவுன்சிலர் வேட்பாளராக நிறுத்த வேண்டும் என முன்மொழிகிறேன்!"

கையில தூக்கு இருந்துச்சு. வாய் சும்மாதான் இருந்துச்சு.

"வழிமொழிகிறேன்!"

கட்டடமே அதிர்ந்துச்சு. ஒரே கைதட்டலு. செல்லதுரை அண்ணன் ஓடியாந்து டீயோட சேத்து என்னக் கட்டிப் புடிச்சாரு.

"மணி! இருபது வருஷமா உன் கொரலக் கேக்கறேன். இதுமாதிரி கேட்டதில்லடா! பொண்டாட்டிக்கு விட்டுக் குடுத்து, நீயே வழிமொழியவும் செஞ்ச பாத்தியா, நீதான்டா தொண்டன்!"

மதுரைவீரன் பரிதாபமா, "அண்ணே, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள..."ன்னான். என் சட்டையில டீ ஒழுகிக்கிட்டிருந்துச்சு. மேடையில அம்சவள்ளி எல்லாருக்கும் கும்புடு போட்டா. எனக்கும் சேத்துத்தான்.

வூட்டுக்கு வந்ததும் கேட்டுட்டேன்.

"நீ பேருக்குத்தானே?"

"ஆமாங்க. அந்தப் பேருதான் போஸ்டர்ல வருது."

"அது எப்படி, நான் உள்ள கால் வைக்கவும் கொளஞ்சி முடிக்கவும் அவ்ளோ சரியா இருந்துச்சு?"

"எங்கங்க சரியா இருந்துச்சு? அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ முடிச்சுட்டா. நீங்க வந்தபாடில்ல. மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்ல வச்சேன்."

டீ காஞ்ச சட்டையக் கழட்டி மூலையில போட்டேன்.

"வேற யாராச்சும் வழிமொழிஞ்சிருப்பாங்கல்ல?"

"மொழிஞ்சிருப்பாங்க. ஆனா நீங்க வெளிய நின்னு மூஞ்சியத் தூக்கினா கட்சி ஒடையும். இப்பதான கட்டியிருக்கோம்?"

மறுநாள் காலையில வாசல்ல ஜீப்பு ஆரனடிச்சுச்சு. ஓட்டுக் கேக்கப் பொறப்பட்டா. சலவைச் சீல, கையில நோட்டு.

"சோறு?"ன்னேன்.

நோட்டப் பிரிச்சு எங்கிட்ட நீட்டினா. தீர்மானம் இரண்டு. மற்ற எல்லா வேலைகளையும். கீழ என் கையெழுத்து, தேதி, சீலு.

ஜீப்பு போயிருச்சு. அரிசிய மொறத்துல கொட்டி, கல்லுப் பொறுக்க உக்காந்தேன். மூணு மாசத்துல அன்னைக்குத்தான் ஒரு எடத்துல நெலையா உக்காந்தேன்.