தண்ணீரை நிறுத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மனித குலம் ஈட்டிய ஆற்றல்களுள் தலையாயது, ஒரு செய்தியை அறிந்திருந்தும் அதனைச் சொல்லாமலிருக்கும் ஆற்றலே ஆகும். நெருப்பை முதலில் கண்டவன் உடனே பற்றவைத்துக் காட்டிவிட்டான். அவனுக்கு வாசகரைத் தக்கவைக்கத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். அதனை நான் கற்ற வரலாற்றை ஈண்டு முறைப்படி எடுத்துரைக்கிறேன்.

எங்கள் நிறுவனம் வீடு கட்டி விற்பது. முந்நூற்று இருபது வீடுகள். யாவும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றே. அவை அனைத்திற்கும் குழாய் பொருத்தியவன் அடியேன். நாற்பத்தோராம் வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, கட்டுரைத் தேர்வில் முதலிடம் பெற்றேன். அதனைக் கேள்வியுற்ற நிறுவனம், என் கையிலிருந்த இரும்புக் குறட்டை வாங்கிக்கொண்டு கணினியைக் கொடுத்தது. வீடு வாங்கியோருக்கான வலைப்பதிவை எழுதும் பணி எனதாயிற்று. அன்றுவரை என்னைப் பெயருக்குக்கூட மதியாத என் மைத்துனர், அன்று முதல் 'சார்' என்று அழைக்கலானார்.

என் முதற்பதிவு பின்வருமாறு: "குழாய் உடைந்தால், மாடிப்படியின் அடியில் இடப்பக்கப் பலகையைக் கழற்றுக. உள்ளே சிவப்புக் கைப்பிடி இருக்கும். அதனை வலப்பக்கம் திருப்புக."

மறுநாளே, வாசகரைத் தக்கவைக்கும் பொறுப்பிலிருந்த 'ஈடுபாட்டு அதிகாரி' என்னை அழைத்தார். அவருடைய சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. வாசகர் ஒவ்வொருவரும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி ஒவ்வொன்றின் அருகிலும் வீட்டு எண்ணும், அவர் படித்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். என் பதிவைத் திறந்த புள்ளிகள், கண் இமைக்குமுன் அணைந்துகொண்டிருந்தன.

"வந்தாங்க, படிச்சாங்க, போயிட்டாங்க. இதுக்குப் பேர் எழுத்தாங்க?" என்றார்.

தண்ணீர் நின்றுவிடுமே என்று பணிவுடன் விளக்கினேன்.

"தண்ணி நிக்குது. வாசகர் நிக்கலையே."

மாத இறுதிக்குள் சராசரி வாசிப்பு நேரம் நான்கு நிமிடத்தைத் தொடவேண்டும். தவறினால் நான் குழாய்க்கே திரும்பவேண்டும் என்று அவர் அறிவித்தார். குழாய்க்குத் திரும்புவதில் எனக்கு வருத்தமில்லை. மைத்துனரிடம் திரும்புவதுதான் இயலாது.

ஆகவே பதிவை விரித்தெழுதினேன். முன்னுரையில் நாகரிகங்கள் ஆற்றங்கரையில் தோன்றிய வரலாற்றைக் கூறினேன். அடுத்து 'வீடு என்பது யாது?' என வினவி, ஆறு பத்திகளில் விடை காணாது விட்டேன். சிறுவயதில் ஒரு குழாயைக் கண்டு நான் கண்ணீர் மல்கிய நிகழ்ச்சியைச் சேர்த்தேன். அது நிகழவில்லை, எனினும் உருக்கமாக அமைந்தது. இடையே ஒரு கேள்விப் பெட்டி: 'தண்ணீர் ஒழுகும்போது உங்கள் மனநிலை என்ன?' விடையளிக்காதவர் அடுத்த பக்கம் செல்லவியலாது.

பலகை இருபத்திரண்டாம் பத்தியில் வந்தது. அதிகாரி படித்துவிட்டு நெடுநேரம் சிந்தித்தார். அதனை இரண்டாம் பாகத்திற்கு ஒத்திவைக்குமாறு பணித்தார். முதற்பாகம் திங்களன்று வெளியாயிற்று. இரண்டாம் பாகம் வியாழனன்று வரும். புகார் எண்ணை அழைப்போருக்கும், 'விவரங்களுக்கு எங்கள் வலைப்பதிவைக் காண்க' என்ற இனிய குரலை அவர் ஏற்பாடு செய்தார்.

செவ்வாய்க்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு, நூற்றுப்பதினேழாம் வீட்டின் புள்ளி ஒளிர்ந்தது.

பத்து நிமிடம் கடந்தது. புள்ளி அணையவில்லை. இருபது கடந்தது. அலுவலகம் முழுவதும் திரைமுன் கூடிற்று. முப்பத்தைந்தாம் நிமிடத்தில், கைப்பேசியைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கியிருப்பார் என்று கணக்குப் பிரிவினர் ஐயம் எழுப்பினர். அதிகாரி விரலால் சுட்டினார். வாசகர் தூங்கவில்லை. பக்கம் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. என் முன்னுரையை மட்டும் அவர் ஆறுமுறை படித்திருந்தார்.

என் கண்கள் பனித்தன. ஆறுமுறை என் ஆசிரியர்கூடப் படித்ததில்லை.

அத்தகைய வாசகரை நேரிற்சென்று சிறப்பிப்பதே முறை என்று அதிகாரி முடிவு செய்தார். 'சிறந்த வாசகர்' என்று பொறித்த மரப் பட்டயம் ஒன்று ஏற்கெனவே அலமாரியில் வாசகரின்றி இருந்தது. அதனை ஏந்தி இருவரும் நடந்தோம். பத்து ஐம்பத்துநான்கிற்கு வாசலை அடைந்தோம். எங்களை வரவேற்கத் தண்ணீர் கதவின் அடியாக வெளியே வந்தது.

கதவைத் திறந்தவர் தையல்காரப் பெண்மணி. கையில் கைப்பேசி, அதில் என் முன்னுரை. சமையலறைக் குழாய் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் துணி கட்டியும் தண்ணீர் நிற்கவில்லை. மறுநாள் காலை ஒரு பள்ளிக்குக் கொடுக்கவேண்டிய அறுபது சீருடைகள் அட்டைப்பெட்டிகளில் தரையில் இருந்தன. பெட்டிகள் ஊறிப் பிரிந்து, சட்டைகள் கைகளை விரித்துக் கூடமெங்கும் மிதந்தன. அவருடைய மாமனார் துணி வெட்டும் மேசைமீது காலை மடக்கி அமர்ந்திருந்தார்.

அதிகாரி பட்டயத்தை நீட்டி, முகம் மலர வினவினார்: "இந்தக் கட்டுரைல எந்தப் பகுதி உங்களை ரொம்பக் கவர்ந்துச்சும்மா?"

"பாத்தியாம்மா, பரீட்சை வேற வைக்கிறாங்க" என்றார் மாமனார்.

"சார், தண்ணிய எங்க நிறுத்தறதுன்னு மட்டும் சொல்லுங்க. பாதித் துணியாவது மிஞ்சும்" என்றார் அப்பெண்மணி.

என் கால்கள் என்னைக் கேளாமலே மாடிப்படிக்குச் சென்றன. பலகைமீது கை வைத்தேன். அப்போது அதிகாரி என் சட்டையைப் பற்றி இழுத்து, தம் கைப்பேசியைக் காட்டினார். அலுவலகத் திரையின் புள்ளி அதிலும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"நாலே நிமிஷம்" என்று காதில் ஓதினார். "ஒரு மணி நேரம் ஆயிடும். இதுவரைக்கும் எவனும் தொட்டதில்ல. சராசரி எங்கயோ போயிடும். உங்க வேலை நிரந்தரம்."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அப்பெண்மணி அதனைக் கண்டுவிட்டார். "அண்ணா, எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வியாழக்கிழமை ரெண்டாம் பாகம் வருதும்மா" என்றேன்.

"நீங்கதான் இத எழுதினவரா?"

அடக்கத்துடன் தலையசைத்தேன்.

"தம்பி, நல்லா எழுதறீங்க" என்றார் மேசைமேலிருந்த மாமனார். "முன்னுரை முடியறதுக்குள்ள எனக்கு நீச்சல் வந்துடும்."

நான்கு நிமிடம் என்பது நீண்ட நேரம். சிறு அளவுச் சட்டை ஒன்று மிதந்து வந்து என் காலை அணைத்தது. குனிந்து விலக்கிவிட்டேன். மற்றொன்று வந்தது. அப்பெண்மணியும் குனிந்தார். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து மாமனார் மடியில் வைத்தவாறே இருந்தார். கைப்பேசியை மட்டும் அணைக்கவில்லை. அதில் விடை இருக்கும் என்று இன்னமும் நம்பினார் போலும்.

பதினோரு மணி ஆயிற்று. பலகையைக் கழற்றிக் கைப்பிடியைத் திருப்பினேன். தண்ணீர் நின்றது. அக்கணமே அவர் பக்கத்தை மூடினார். புள்ளி அணைந்ததைக் கண்டு அதிகாரி பெருமூச்செறிந்தார்.

பட்டயத்தை அப்பெண்மணி தொடவில்லை. மாமனார் கை நீட்டி வாங்கி, நாற்காலிமேல் வைத்து, அதன்மீது கால் ஊன்றி இறங்கினார்.

அம்மாதச் சராசரி நான்கு நிமிடத்தைத் தாண்டியது. 'ஒரு மணி நேரம் கண்ணெடுக்காமல் படித்தேன்' என்ற வாசகர் கருத்து, வீட்டு எண்ணுடன் எங்கள் முகப்பில் விளங்குகிறது. என் பணி நிரந்தரமாக்கப்பட்டது. மைத்துனர் எழுந்து நின்று பேசுகிறார்.

இப்போது இதனினும் பெரிய பொறுப்பொன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது: தீப்பிடித்தால் வீட்டிலிருந்து வெளியேறும் வழி. பதினெட்டுப் பத்திகள் எழுதி முடித்துவிட்டேன். மிகச் சிறப்பாக வந்துள்ளது. கதவுதான் இன்னும் வரவில்லை.