நாலு விரல் இடைவெளி

இண்டூர் நஞ்சப்பனுக்கு உலகத்தில் இரண்டு விஷயங்களில்தான் கர்வம். ஒன்று, வாசலில் நிற்கும் வெள்ளை ஹெரால்டு கார். இன்னொன்று, பெண்டாட்டி எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடும் தைரியம். கார் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டார்ட் ஆகும். தைரியம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஆகும். எண்பத்து நாலாம் வருஷத்துக்கான தடவை பொங்கல் கழிந்த வாரமே வந்துவிட்டது.

"ஏங்க, புளி மண்டிக்கு நீங்க பஸ்சுலதான போறீங்க. காரு சும்மாதான நிக்குது. நான் ஓட்டக் கத்துக்கட்டுமா?" என்று கேட்டாள் தீர்த்தம்மாள்.

நஞ்சப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் குள்ளம் என்பதால் அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"ஏறி ஒக்காந்து பாரு."

உட்கார்ந்தாள். சீட்டை முன்னே பின்னே நகர்த்தும் கம்பி துருப்பிடித்து எட்டு வருஷமாகிறது. சீட் இருந்த இடத்தைவிட்டு அசையாது. கால் எப்படியோ எட்டிவிட்டது. ஸ்டியரிங் மட்டும் விரல் நுனியில் பட்டதோடு சரி, பிடிக்க வரவில்லை.

"முதுகுக்கு ஒரு தலகாணி வச்சுக்கறேங்க."

"தலகாணி வச்சு ஓட்ட இது என்ன கட்டிலா? கை எட்டணும். என்னைக்கு எட்டுதோ அன்னைக்கு வந்து சாவியக் கேளு. தரேன்."

"சரிங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

கல்யாணமான இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாகச் சரி சொன்னதே கிடையாது. விவரமான புருஷனாக இருந்தால் அன்றைக்கே உஷாராகியிருப்பான். நஞ்சப்பன் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினார். குளிக்கும்போதும் மண்டிக்குப் போகும்போதும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவது வழக்கம் என்பது அவருக்கு நினைவில்லை.

அடுத்த மாதம் மொரப்பூரில் ஒரு கல்யாணம். புது வேட்டி கட்டி, காரில் ஏறி, கதவைச் சாத்தினார். பாம்ம்ம் என்றது ஹாரன்.

"யாருங்க குறுக்க?"

"யாருமில்ல."

"பின்ன எதுக்கு அடிக்கறீங்க?"

"நான் அடிக்கல."

மூச்சை இழுத்தார். பாம்ம்ம். விட்டார். நின்றது. மறுபடி இழுத்தார். பாம்ம்ம். ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கும் ஹாரன் பித்தானை அவருடைய வயிறு அமுக்கிக்கொண்டிருந்தது. மொரப்பூர் போய்ச் சேரும்வரை அவர் இழுத்த மூச்சுக்கெல்லாம் வழியிலிருந்த ஆடு மாடுகள் ஒதுங்கி நின்றன. கல்யாண வீட்டில் பெண் வீட்டார் மொத்தமும் யாரோ மந்திரி வருகிறார் என்று மாலையோடு ஓடி வந்தார்கள்.

"வயிறுங்க" என்றாள் தீர்த்தம்மாள், திரும்பி வரும்போது.

"போன வாரம் இடிக்கலியே?"

"போன வாரம் இவ்ளோ பெரிசா இல்லியே. மண்டிக்குப் பக்கத்துல பரோட்டாக் கடை தொறந்தாங்கன்னு சொன்னீங்க இல்ல?"

திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி ஆகிவிட்டது. அன்று மாலையே தீர்ப்பு வந்தது. காலையிலும் இரவிலும் ராகிக் களி, கீரைக் கடைசல். மத்தியானம் மோர். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே நாலு விரல் நுழைகிற அன்றைக்குத்தான் வீட்டில் கறிக்குழம்பு. ஞாயிறுதோறும் பரீட்சை.

முதல் ஞாயிறு ஒரு விரலும் போகவில்லை. இரண்டாவது ஞாயிறு நகம் போயிற்று. நாலாவது ஞாயிறு முக்கி முனகி ஒரு விரல் போனது. நஞ்சப்பனுக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. இடுப்பில் வேட்டி நிற்க மாட்டேன் என்கிறது. மண்டியில் தெரிந்தவர்கள் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள். ஊரே இளைத்துவிட்டாய் என்கிறது, இந்த ஸ்டியரிங் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கறிக்குழம்பு கனவில் வர ஆரம்பித்தபோது ஒரு முடிவுக்கு வந்தார்.

சனிக்கிழமை, ஆயில் மாற்ற வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மெக்கானிக் அப்துல் கனியின் பட்டறைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

"பாய், இந்த ஸ்டியரிங்க கொஞ்சம் உள்ள தள்ள முடியுமா?"

கனி நிமிர்ந்து பார்த்தார். ஒரு சிரிப்பு கிளம்பி வந்து தாடிக்குள் பதுங்கிக்கொண்டது.

"முடியுமுங்களே. இந்த வண்டில அது ஒரு வசதி. தண்டுல கிளாம்பு இருக்கு. போல்ட்ட லூஸ் பண்ணா ஸ்டியரிங்கு முன்னயும் போவும், பின்னயும் வரும். எவ்ளோ தள்ளணும்?"

"மூணு விரலு."

"நாலா தள்ளிடலாமே?"

"வேணாம் பாய். ஒண்ணு நானே சம்பாரிச்சது."

வேலை முடிந்ததும் நஞ்சப்பன் குரலைத் தாழ்த்தினார். "வூட்ல தெரிய வேணாம்."

"என் வாயில வராதுங்க. இந்த ஸ்டியரிங்கு சமாச்சாரத்துல நான் யாரு ரகசியத்தயும் யாருகிட்டயும் சொல்றதில்ல."

இன்னும் யாருடைய ரகசியம் என்று கேட்டிருக்கலாம். மூக்கில் ஏற்கெனவே மசாலா வாசம் ஏறியிருந்ததால் நஞ்சப்பன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே வாசம் வந்தது. காலையிலேயே வெள்ளாட்டுக் கறி அடுப்பில் கொதித்தது. நாம் ஜெயிக்கப்போவது இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தவர், பாசம் என்று முடிவு கட்டினார். மிடுக்காகக் காரில் ஏறினார். தீர்த்தம்மாள் விரல்களை நுழைத்தாள்.

"நாலு" என்றாள்.

"மனசு வச்சா முடியாதது ஒண்ணுமில்ல தீர்த்தம்."

"கொஞ்சம் எறங்குங்க."

இறங்கினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். ஸ்டியரிங் விரல் நுனியில்தான் பட்டது. பெருமூச்சு விட்டுவிட்டு, முன்பக்கப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு ஸ்பேனரை எடுத்தாள். குனிந்து இரண்டு திருகு திருகினாள். ஸ்டியரிங்கை இழுத்தாள். அது சொன்ன பேச்சுக் கேட்டு மூன்று விரல் வெளியே வந்தது. மறுபடி இறுக்கி, ஆட்டிப் பார்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எட்டுதுங்க. சாவியக் குடுங்க."

நஞ்சப்பன் குனிந்து ஸ்பேனரைப் பார்த்தார். "இது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கனி அண்ணன்தான் கத்துக் குடுத்தாரு, வண்டியோட சேத்து. நீங்க மண்டிக்குப் போன பொறவு வருவாரு. அவரு சம்சாரம் அமீனா பின் சீட்டுல ஒக்காந்துக்கும். நேத்து லைசென்சு வந்துருச்சு."

"அப்ப என் வயிறு?"

"அது எப்பவும் இருந்த எடத்துலதான் இருந்துச்சு. ஸ்டியரிங்குதான் வந்துச்சு. தெனமும் கழட்டி மாட்டுனா போல்ட்டு தேஞ்சிடுமுன்னாரு. அதான் அப்பிடியே வுட்டுட்டேன்."

"அப்ப ஒரு மாசம் நான் களி தின்னது?"

"வீணாப் போகலீங்களே. ஒரு விரலு எடம் கெடச்சிருக்கு. இனிமே நீங்க ஒக்காந்தாலும் ஹாரன் அடிக்காது."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். பசிதான் வந்தது. அரைஞாண் முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, சுற்றிப்போய் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். தீர்த்தம்மாள் உள்ளே போய்ப் பெரிய தூக்குப்போசியோடு வந்து அவர் மடியில் வைத்தாள். சூடாக இருந்தது. மூடியை மீறிக் குழம்பு வாசம் வந்தது. போன மாதம் அந்த மடியில் அதற்கு இடம் இருந்திருக்காது.

"வெளியில வச்சா சாப்பிடப் போறோம்?" என்றார், ஆசையோடு.

"கனி அண்ணன் வூட்டுக்குங்க. கத்துக் குடுத்தவங்களுக்குச் செய்ய வேணாமா? சிந்தாமப் புடிச்சுக்கோங்க."

வண்டி குலுங்காமல் கிளம்பியது. அவரைவிட நன்றாகவே ஓட்டினாள்.

"எனக்கு?"

"களி கிண்டி மூடி வச்சிருக்கேன். இன்னும் மூணு விரலு இருக்கு இல்ல?"