கொள்கை அளவில் ஆதரிப்பவர்

ஊருக்கு ஒருவராவது இருப்பார், கொள்கை அளவில் எல்லா நல்ல காரியத்தையும் ஆதரிப்பவர். அவரை எதிரி என்று சொல்லிவிட முடியாது. எதிரியாவது எதிரே நிற்பான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கைபோட்டபடியே காலை வாரிவிடுவார்.

ஒரு நகரமன்றத்தில் அப்படி ஓர் உறுப்பினர். பெயர் எதற்கு? 'நடுநிலையார்' என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். கடை, உணவகம், அலுவலகம் என்று கூரைக்குக் கீழே எங்குமே புகைபிடிக்கக் கூடாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்று உணவகத்தில் பரிமாறும் பெண் ஒருத்தி மூவாயிரம் கையெழுத்தோடு வந்தபோது, முதலில் கைதட்டியவர் அவர்தான். முதலில் தொண்டையைக் கனைத்தவரும் அவர்தான்.

"கொள்கை அளவுல நான் உங்க பக்கம்தாம்மா. ஆனா எல்லாரையும் அணைச்சுப் போகணும் இல்லையா? பாதி அறை புகைபிடிக்கிறவங்களுக்கு, பாதி உங்களுக்கு. நடுவுல புகைய வெளியேத்த ஒரு விசிறி."

எட்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிய களைப்பில், "கிடைச்ச வரைக்கும் வாங்கிக்கலாம்" என்று கூட வந்திருந்த அண்ணனே அவள் காதில் சொன்னான். அது காதில் விழுந்ததும் நடுநிலையாருக்கு உள்ளம் குளிர்ந்தது. இரு தரப்பும் தன்னை வாழ்த்தும் காட்சி கண்முன் ஓடியது.

அவள் நிதானமாகக் கேட்டாள்: "சார், அந்தப் பாதி அறைக்குச் சாப்பாடு யார் கொண்டுபோவாங்க?"

அவர் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். அதில் இல்லை.

"நான்தான் போவேன். சிகரெட்டக் கையால தொட்டதில்ல. போன மாசம் டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரேயப் பாத்துட்டு, ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்கன்னு கேட்டார். பாதிச் சட்டம் போட்டீங்கன்னா, அதான் குடுத்தாச்சேன்னு பத்து வருஷத்துக்குக் கதவைச் சாத்திடுவீங்க. அதுக்குப் பதிலா ஒண்ணுமே வேண்டாம். அடுத்த மாசம் மறுபடி வர்றோம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

தலைவர் முழுச் சட்டத்தையே வாக்கெடுப்புக்கு விட்டார். நடுநிலையார் வலப்பக்கம் பார்த்தார், கைகள் உயர்ந்திருந்தன. இடப்பக்கம் பார்த்தார், அங்கேயும். மனத்துக்குள் எண்ணி, பெரும்பான்மை உறுதி என்று தெரிந்த பிறகு, தன் கையையும் கம்பீரமாகத் தூக்கினார். முழுச் சட்டமே நிறைவேறியது.

மறுநாள் நிருபரிடம், "ஆரம்பத்துலேர்ந்து நான் இதைத்தான் சொல்லிட்டு வர்றேன்" என்றார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. இந்த இனத்தின் தனிச்சிறப்பே அதுதான்.

நீங்கள் அப்படி இல்லை, எனக்குத் தெரியும். அடுத்ததாகப் பேருந்து நிலையத்திலும் புகைபிடிப்பதைத் தடுக்கக் கையெழுத்துக் கேட்டு அவள் உங்கள் வாசலுக்கு வருவாள். உட்காரச் சொல்வீர்கள், தண்ணீர் கொடுப்பீர்கள், மெச்சுவீர்கள். "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டு, நல்ல காரியத்துக்குத் துணைநின்ற நிம்மதியோடு கதவைச் சாத்துவீர்கள். சாத்தியதும் சற்றுக் காதைக் கொடுங்கள். படியிறங்கும்போது அவள் இருமுவாள்.