நாலு பலகைக்குப் பில்டரே?

தன் கையே தனக்குப் போதும் என்றிருக்கும் ஒரு ரகம் லண்டனில் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். குழாய் ஒழுகினாலும் கூரை ஒழுகினாலும் இவர்கள் பில்டரைக் கூப்பிட விடமாட்டார்கள், தாங்களும் இலேசில் தொடமாட்டார்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்கு ஒரு பில்டர் வந்து இறங்கிவிட்டால் போதும், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உதுக்கெல்லாம் ஆளே?" என்று உச்சுக்கொட்டுவார்கள்.

மோர்டனில் இருக்கும் நம்முடைய கிளின்ரன் இந்த ரகத்தில் அசல். மகள் டயனாவின் முதல் நற்கருணை விருந்தைப் பின்வளவில் வைக்க வேண்டும், பிள்ளை வெள்ளை உடுப்போடு ஈரப் புல்லில் நிற்காமலிருக்க மரப்பலகையில் மேடைபோல ஒரு டெக் வேண்டும், அதில் நின்று குடும்பமாக ஒரு படம் எடுக்க வேண்டும். மனைவி றூபினி கேட்டது அவ்வளவுதான்.

"இஞ்சேருங்கோ, ஒரு பில்டரைக் கூப்பிடுவமே?"

"நாலு பலகை அடிக்கப் பில்டரே? நான் என்ன செத்தே போனன்?"

பேச்சு முடிந்தது, படிப்புத் தொடங்கியது. பஸ்ஸில் வீடியோ, வேலையில் வீடியோ, பூசையில் பிரசங்கம் நடக்கும்போது சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோ. பார்த்தபடி செய்தாரா? அதெப்படி? பிழை பிடிக்கத்தானே பார்த்தார்! "உவங்களுக்கு அத்திவாரம் எண்டா என்னெண்டே தெரியாது. வெள்ளம் வந்தா?" யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவன் மாரி மழைக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்துவான். மோர்டனில் டெக்கும் அப்படியே உயர்ந்தது.

சேற்றுக் காலோடு குசினிக்குள் வரக்கூடாது என்று றூபினி பின்கதவைப் பூட்டிவிட்டார். கிளின்ரன் வீட்டுக்குப் பக்கத்தால் சுற்றிப் போய் வேலை செய்தார். தேநீர் ஜன்னலால் போனது. ஒருவரும் அந்தக் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

விருந்து நாள் வந்தது. காரையே மந்திரிக்காமல் ஓட்டாத சனம் நாங்கள், டெக்கை விடுவோமா? ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் ஏறி நின்று பலகையைத் தட்டிப் பார்த்துப் புகழ்ந்தார்கள்.

"எங்கை றூபினி?" என்றார் ஃபாதர்.

உள்ளே றூபினி ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியோடு பூட்டைத் திறந்து கதவை வெளியே தள்ளினார். அது அசையவில்லை. தோளால் இடித்தார். ம்ஹூம். வெளிப்பக்கம் திறக்கும் கதவின் அடியைவிட டெக் ஒரு சாண் உயரம்.

பிறகென்ன, சோறு ஜன்னலால் வந்தது, கறி ஜன்னலால் வந்தது, கேக்கும் சரிந்து சரிந்து ஜன்னலால்தான் வந்தது. முன்கதவால் சுற்றி வரலாம்தான். றூபினி வந்துவிட்டால் உள்ளே நின்று நீட்டுவது யார்? சனம் சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையில் நின்றது.

"பாத்தியளே ஃபாதர், றெஸ்ரோரன்ற் மாதிரி! பில்டருக்கு உந்த ஐடியா வருமே?" என்றார் கிளின்ரன்.

மேகம் கறுத்ததால் படத்தையும் அவசரமாக எடுத்தார்கள். முன்னால் வெள்ளை உடுப்பில் டயனா, பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திய தகப்பன். தாய் பின்னால், ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே, கையில் அகப்பையோடு. அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

அடுத்த வாரம் றூபினி யாரையும் கேட்காமல் ஒரு பில்டரைக் கூப்பிட்டார். அவன் டெக்கைக் கழற்றிக் கதவின் அடிக்குக் கீழே வரும்படி பதித்துப் போட்டான். கிளின்ரன் பக்கத்தில் நின்று, எப்படிச் செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டால் இன்றைக்கும், "நானே செய்தது" என்பார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வாசிக்கும்போது நடுவில் எங்கேயாவது, 'நானாக இருந்தால் முதலில் கதவையல்லவா பார்த்திருப்பேன்' என்று நினைத்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். நினைத்திருந்தால், பலகை வாங்கப் புறப்படுமுன் ஒருதரம் வீட்டுக்குள் திரும்பிப் பாருங்கள். அடுத்த படத்தில் கண்ணாடிக்கு உள்ளே நிற்கப்போகிறவர் அங்கேதான் இருக்கிறார்.