தர்சினியை நான் அறிமுகப்படுத்திய விதம்

2023 நவம்பர் 11, சனிக்கிழமை. காலை 5.40க்கு எழும்பினேன். தேநீர், சீனி இல்லாமல். 6.15க்கு உடுப்புத் தோய்க்கப் போட்டேன். 7.05க்கு பால்கனிக் கதவின் ரப்பரைத் துடைத்தேன் (சனிக்கிழமைகளில் துடைப்பேன், காரணம் கேட்காதீர்கள்). 9.30க்கு என் அறிமுக உரையை மணிக்கூடு வைத்து வாசித்துப் பார்த்தேன். ஆறு நிமிடம் ஐம்பது செக்கன். அதற்குப் பிறகு அன்றைக்கு எதுவும் சரியாக நடக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மை சொல்வது நல்ல பழக்கம் என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பியிருந்தேன். ஜெர்மனியின் கொலோனில் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் காலாவதித் திகதி பார்ப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் நாட்குறிப்பு எழுதுவேன். இருபத்தாறு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில் யாராவது மைக்கைக் கொடுப்பார்களா? கொடுத்தார்கள்.

எங்கள் தமிழ்ச் சங்க விழாக்களில் அறிமுக உரை என்றால் ஊதிப் பெருப்பிப்பது என்று அர்த்தம். பல் வைத்தியர் ‘உலகப் புகழ்’ பெற்றுவிடுவார். கராத்தே படிப்பிக்கிறவர் ‘ஐரோப்பாவின் சிங்கம்’. கதிரை அடுக்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் களைத்துப்போய்விட்டது. அதனால் தலைவர் யோகன் வந்து, “இந்த முறை பிரதம விருந்தினர் உங்கட மருமகள்தானே அக்கா, நீங்களே அறிமுகப்படுத்துங்கோ. ஏழு நிமிசம்தான்” என்றதும், ஒரு தடவையாவது பொய் கலக்காமல் செய்வது என்று தீர்மானித்தேன்.

தர்சினி என் அண்ணையின் ஒரே மகள். கொலோனில் பிறந்தவள், லொஸ் ஏஞ்சல்ஸில் சினிமாத் தயாரிப்பாளர். ஆறு படங்கள் தயாரித்திருக்கிறாள். அண்ணை அதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

“நடிக்கிறதுமில்லை, கமரா பிடிக்கிறதுமில்லை. அப்ப என்னதான் செய்யிறாய்?” என்று ஒருமுறை கேட்டார்.

“நடிக்கிறவை, பிடிக்கிறவை எல்லாரையும் தேடிக் கொண்டுவந்து சேர்க்கிறது நான்தான் அப்பா.”

“இதைத்தானே கலியாண புரோக்கரும் செய்யிறார்.”

சினிமாவை அண்ணை மன்னித்ததற்கு ஒரே ஒரு காரணம், மகள் அமெரிக்காவில் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுத்தான் அதற்குள் போனாள் என்பது. சந்திக்கிற எல்லோரிடமும் அதைச் சொல்வார். விழா அழைப்பிதழிலும் அவளுடைய பெயருக்குப் பின்னால் எம்.ஏ. போடச் சொல்லி, அச்சுப்பிழை பார்க்கத் தானே நேரில் போனார். அன்று பாராட்டு முடிந்ததும் மண்டபத்திலேயே அவளுடைய கடைசிப் படம் திரையிடப்பட இருந்தது. “அப்பா இருந்து பாக்கிறன் எண்டு சொன்னவர் மாமி” என்று தொலைபேசியில் இரண்டு தரம் சொன்னாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் பதினொரு மணித்தியாலம் பறந்து வந்திருந்தாள்.

நான் பழைய நாட்குறிப்புகளை எடுத்து, அவளைப் பற்றியவற்றைத் திகதி வாரியாகப் பதினொரு அட்டைகளில் எழுதினேன். ஏழு நிமிடத்துக்குள் அடக்க, தேவையற்ற வசனங்களை வெட்டினேன். மூன்றாவது அட்டைக்கான மூலக் குறிப்பு இது: “தர்சினி தொலைபேசி எடுத்தாள். பல்கலைக்கழகத்தை மூன்றாவது கிழமையே விட்டுவிட்டாளாம். ஒரு தயாரிப்பாளரின் அலுவலகத்தில் கோப்பி கொடுக்கிறாள், அவருடைய இரண்டு நாய்களை நடக்கக் கொண்டுபோகிறாள். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாமாம்.”

கடைசி வசனம் சாதனை அல்ல. வெட்டிவிட்டேன். நாலு செக்கன் மிச்சம்.

பன்னிரண்டு வருடத்தில் அந்த ரகசியம் எனக்கு ரகசியமாகவே தெரியாமல் போயிருந்தது. ரகசியத்தையும் உடுப்புத் தோய்த்ததையும் ஒரே நீல மையில் எழுதிவைத்தால் இப்படித்தான்.

பிற்பகல் 3.10. முன்வரிசை நடுவில் அண்ணை, பட்டு வேட்டியோடு. விருந்தினரைப் பெற்றவர் என்று அவருக்கும் ஒரு பொன்னாடை போட்டிருந்தார்கள். முதல் இரண்டு அட்டைகளுக்கும் கைதட்டல். மூன்றாவதை எடுத்துக் குரலைச் சற்று உயர்த்தினேன்: “2011 ஒக்டோபர் 19, புதன்கிழமை...”

கோப்பியையும் நாய்களையும் கேட்டுச் சபை சிரித்தது. தர்சினி மேடையில் இருந்தபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தன்னடக்கம் என்று நினைத்தேன். நாலாவது அட்டையில் இரண்டாவது நாய் அவளைக் கடித்தது. அண்ணை எழும்பினார். வேட்டியைச் சரிசெய்தார். வாசலை நோக்கி நடந்தார்.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். (இன்னும் ஏழு அட்டைகள் இருந்தனவே!) ஐந்தாவது அட்டையில் பாதி தாண்டியபோது, “மாமி, அதை வையுங்கோ!” என்று கத்திக்கொண்டு தர்சினி மேடையிலிருந்து குதித்தாள். பின்னால் நானும் ஓடினேன், அட்டைகளோடு.

அன்று நவம்பர் பதினொன்று. ஊரே வேடம் போட்டுத் தெருவில் இறங்கும் கார்னிவல் தொடங்கும் நாள். கொலோனில் அன்றைக்கு மானத்தோடு வெளிநடப்புச் செய்ய யாராலும் ஏலாது. ட்ராம் தரிப்பிடத்தில் கோமாளிகள், கடற்கொள்ளைக்காரர்கள், பியர்ப் போத்தலோடு ஒரு தேனீக் கூட்டம். நடுவில் அண்ணை, பட்டு வேட்டியும் சரிகைப் பொன்னாடையுமாக. ஒரு தேனீ அவருடைய தோளில் தட்டி, இன்றைக்குப் பார்த்த வேடங்களில் இதுதான் ஆகச் சிறந்தது என்று ஜெர்மன் மொழியில் பாராட்டியது. இரண்டு ட்ராம்கள் நிரம்பி வழிந்துகொண்டு அவரை ஏற்றாமலே போயின.

“அப்பா, படம் தொடங்கப் போகுது. வாங்கோ.”

“பன்னிரண்டு வருசமா எனக்குப் படம் காட்டினது காணாதோ பிள்ளை?”

அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“உனக்கும் தெரியும், என்ன?”

“ஓம் அண்ணை.”

“எவ்வளவு காலமா?”

“பன்னிரண்டு வருசமும் இருபத்துமூண்டு நாளும்.”

(இந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்லக் கூடாது என்று இப்போது தெரியும்.)

மூன்றாவது ட்ராம் அவரை ஏற்றிக்கொண்டது. தேனீக்கும் கொள்ளைக்காரனுக்கும் இடையில் நசிந்தபடி, எங்களைப் பார்க்காமல் போனார்.

படத்தைத் திரையிட்டார்கள். தர்சினி படத்தைப் பார்க்கவில்லை, முன்வரிசைக் கதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரைகளை மடிக்கும்போது யோகன் அருகில் வந்தார். “நல்ல பேச்சு அக்கா. அடுத்தமுறை மட்டும் பொய்யே சொல்லுங்கோ, என்ன?”

அடுத்தமுறை என்று ஒன்று வரவேயில்லை. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யார் எனக்கு எதைச் சொல்ல வந்தாலும் முதலில் “கையில அட்டை இருக்கோ?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். ஒன்றுவிட்ட தங்கை தனக்குச் சீனி வருத்தம் வந்ததை ஊர் முழுக்கச் சொல்லி முடித்து, எட்டு மாதம் கழித்து எனக்குச் சொன்னாள்.

அன்றிரவு தர்சினி என் வீட்டில் தங்கினாள். எனக்கு ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். “நான் சொல்லியிருக்க வேண்டியது மாமி, நீங்க வாசிச்சிட்டீங்க” என்றாள், அவ்வளவுதான். ஏசியிருந்தால் நன்றாக நித்திரை வந்திருக்கும்.

மறுநாள் ஞாயிறு, 6.50க்கு மணி அடித்தது. அண்ணை. கையில் பாண் கடைப் பை. வாசலில் கிடந்த தர்சினியின் சப்பாத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குசினிக்குள் வந்து இருந்தார்.

“உன்ர டயறியைக் கொண்டுவா. பதினோராம் ஆண்டு.”

கொண்டுவந்தேன்.

“மாதாமாதம் மிளகாய்த்தூளும் முறுக்கும் அனுப்பினன், அவள் படிக்கிற விடுதிக்கு. அதெல்லாம் எங்க போனது?”

டிசம்பர் 4ஐத் தேடி எடுத்து வாசித்தேன். “தர்சினி பழைய விடுதிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்த்தான் பார்சல் எடுக்கிறாள். முகவரியை மாற்றினால் அப்பா காரணம் கேட்பாராம். முறுக்கு உடையாமல் வந்ததாம்.”

“ஒவ்வொரு மாதமுமோ?”

“ஓம். ரெண்டு வருசம்.”

ஒரு பாணைப் பிய்த்தார். சாப்பிடவில்லை.

“போய் வர எவ்வளவு நேரம்?”

“அது எழுதேல்லை அண்ணை.”

“எல்லாம் எழுதுவாய், அதை மட்டும் எழுதாமல் விட்டிட்டாய்” என்றார். பிறகு, “அவளை எழுப்பு” என்றார்.

7.20க்கு, முகம் கழுவாமல், என் பழைய சுவெட்டரோடு தர்சினி மடிக்கணினியைக் குசினி மேசையில் வைத்துப் படத்தைத் தொடங்கினாள். முதல் பெயர் வந்ததும் அண்ணை கையை உயர்த்தினார். “நிப்பாட்டு. உன்ர பேர் எங்க வருது எண்டு முதல் காட்டு.”