கண்டது மிஸ்ஸியின் அபிப்பிராயம்

'அவருக்குக் கோபம்' என்று யாரைப் பற்றியும் ஒரு தடவைகூடச் சொல்லாமல் ஓர் ஆண்டு முழுவதும் வாழ்ந்து காட்டிய மனுஷி இந்த இலங்கைத் தீவில் ஒருவர்தான். அவர் கண்டது மிஸ்ஸி. தாதியரை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். எந்தக் கூண்டிலும் ஏறிச் சத்தியம் செய்வேன். நாற்பத்தொரு வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஆக எண்பத்திரண்டு தடவை அவரைப் பார்த்திருக்கிறேன். அதில் மூன்று நாள் எனக்குக் காய்ச்சல். எழுபத்தொன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தாறு ஆண்டு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். ஓய்வு பெற்றதும் குண்டசாலை வீட்டில் என் மனைவியின் நிம்மதி போய்விட்டது. அந்த நேரத்தில்தான் கண்டியில் தாதியருக்கு ஒரு பட்டப்பின் படிப்பு தொடங்கினார்கள். குற்ற வழக்கில் அகப்பட்டு, மனநோய் என்று நீதிமன்றம் வைத்தியசாலைக்கு அனுப்புகிற ஆட்களைப் பராமரிக்கும் படிப்பு. அந்தத் தாதியர் என்றாவது ஒருநாள் சாட்சி சொல்ல வேண்டி வரும். அதற்குப் பழக்க என்னைக் கூப்பிட்டார்கள். என் மனைவிதான் முதலில் சரி என்றாள்.

முதல் நாள் வகுப்பில் இரண்டு மின்விசிறி, ஒன்று சுற்றவில்லை. யன்னல் நான்கு, திறந்தது ஒன்று. எனக்குச் சகிக்கவில்லை. பின்னால் ஒரு மிஸ்ஸி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது.

"ஏன் மிஸ்ஸி நிக்கிறீங்க? இருங்க!"

"கதிர பதிமூணு இருக்கு சேர். ஆளு பதினாலு."

எனக்கு முன்பே ஒருவர் எண்ணிவிட்டார் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. மேசையைத் தட்டி, பியூனைக் கூப்பிட்டு, கதிரை வந்த பிறகு, "நான் கோபக்காரன்னு நெனைச்சிறாதீங்க" என்றேன்.

"அப்பிடியெல்லாம் எழுத மாட்டேன் சேர். மேசைய மூணு தரம் தட்டுனீங்க. நெத்தியத் தொடச்சீங்க. அம்புட்டுத்தான் நான் கண்டது."

பதின்மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தப் படிப்பின் முதல் பாடமே அதுதானாம். 'நோயாளி ஆத்திரப்பட்டார்' என்று எழுதக் கூடாது. 'தட்டை இரண்டு முறை தரையில் அடித்தார்' என்று எழுத வேண்டும். மற்றவர்கள் அந்தப் பாடத்தை மாலையில் சீருடையோடு சேர்த்துக் கழற்றி வைத்தார்கள். இவர் அதை ஹுன்னஸ்கிரியவில் இருந்த தன் வீட்டு அடுப்படி வரைக்கும் கொண்டுபோனார். அதனால்தான் அந்தப் பெயர்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி கோழிக் கறி வைத்திருந்தாள்.

"கறி எப்பிடி மிஸ்ஸி?"

"ரெண்டு தரம் வாங்கிச் சாப்புட்டேன் அக்கா."

"அதைக் கேக்கல்ல. நல்லா இருக்கா, இல்லையா?"

"மூணாந்தரமும் போடுங்க அக்கா. எண்ணிக்க கூடுனா நீங்களே ஒரு முடிவுக்கு வந்துரலாம்."

மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சமைத்தது அவள், சாப்பிட்டது மிஸ்ஸி, தண்டனை எனக்கு.

இன்னொரு நாள் பல்லேகல பஸ்ஸில் ஒரு முதலாளியின் காலை ஒரு இளைஞன் மிதித்துவிட்டான். முதலாளி சத்தம் போட்டு, பக்கத்தில் நின்ற மிஸ்ஸியைச் சாட்சிக்கு இழுத்தார்.

"வேணுமின்டே மிதிச்சான்! நீங்க பாத்தீங்கதானே மிஸ்ஸி?"

"மிதிச்சதப் பாத்தேன். வேணுமின்னே மிதிச்சதப் பாக்கல."

"அப்பிடிச் சொல்லுங்க!" என்றான் இளைஞன்.

"வேணுமின்னு மிதிக்கலங்கிறதையும் நான் பாக்கல தம்பி."

அடுத்த தரிப்பிடத்தில் முதலாளியும் இளைஞனும் ஒன்றாக இறங்கி, மிஸ்ஸியைத் திட்டிக்கொண்டே ஒன்றாக நடந்து போனார்கள். இப்படியொரு சமாதானத்தை முப்பத்தாறு ஆண்டில் எந்த நீதவானும் செய்து நான் பார்த்ததில்லை.

இந்தக் குணமே அவர் படிப்புக்கு வினையாக வந்தது. ஆண்டு முடிவில் ஒரு பாவனை நீதிமன்றம் நடக்கும். ஒவ்வொருவரும் ஒரு வாரம் ஒரு நோயாளியைக் கவனித்து, பெயரை மறைத்துச் சாட்சி சொல்ல வேண்டும். படிப்பின் தலைவியான மனநல டொக்டர் அம்மாதான் நீதிபதி. தமிழில் சொல்லலாம், நான் ஆங்கிலத்தில் பெயர்ப்பேன்.

மிஸ்ஸி கவனித்தது தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவரை. தமிழைத் தவிர வேறு மொழி தெரியாதவர். அவர் இருந்த வார்டில் தமிழ் தெரிந்த தாதி ஒருவரும் இல்லை. அங்கே போகத்தான் மிஸ்ஸி இந்த வயதில் படிக்க வந்திருந்தார். இரண்டு தடவை தவறினால் பழைய சத்திரசிகிச்சை வார்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

டொக்டர் அம்மா ஆங்கிலத்தில் கேட்டார்: "கண்டதைச் சொன்னீர்கள், நல்லது. கண்டதை எந்தத் தாதியும் சொல்லலாம். பட்டப்பின் படித்தவர் அதற்கு மேலே ஒரு முடிவும் சொல்ல வேண்டும். இவர் மற்றவர்களுக்கு ஆபத்தானவரா?"

"ஆறு நாள், பின்னேரம் நாலு மணிக்கு, தட்ட அடிச்சாரு."

"உங்கள் அபிப்பிராயம்?"

"ஏழாவது நாள் அடிக்கல."

எனக்கு மனம் பொறுக்கவில்லை. 'என் கருத்துப்படி அவர் ஆபத்தானவர் அல்ல' என்று ஆங்கிலத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

மிஸ்ஸி கையை உயர்த்தினார். "சேர், நான் அப்பிடிச் சொல்லவே இல்லியே!"

முப்பத்தாறு ஆண்டில் நான் ஒரு சொல்லையும் கூட்டியதில்லை. முதன்முதலாகக் கூட்டினேன்; காப்பாற்றப்போன சாட்சியே என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். பதின்மூன்று பேர் தேறினார்கள். மிஸ்ஸிக்கு ஒரு மாதத் தவணை கிடைத்தது. எனக்கு டொக்டர் அம்மாவின் பார்வை ஒன்று கிடைத்தது.

கன்டீனில் கேட்டேன். "ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சிரும் மிஸ்ஸி?"

"ஒருக்கா சொன்னேன் சேர். வேலைக்குச் சேந்த புதுசு. ஒரு ஆளப் பத்தி 'முரடன்'னு எழுதிட்டேன். ஒத்த வார்த்த. அதப் பாத்து அடுத்த மிஸ்ஸி எழுதுனாங்க, அதப் பாத்து டொக்டர் எழுதுனாரு, அது கோடு, நீதவான் வரைக்கும் போயிருச்சு. அவருக்குப் பல்லு வலி சேர். பல்லப் புடுங்குன பொறகு அவரு சத்தமே போடல. ஆனா பேப்பர்ல கடைசி வரைக்கும் முரடன்தான்."

நான் அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வைத்தேன். பிறகு, "நீங்க சொல்லாட்டி இவரப் பத்தியும் யாரோ ஒருத்தர் எழுதத்தான் போறாங்க. தமிழ் தெரியாத ஒருத்தர்" என்றேன்.

மிஸ்ஸி தேத்தண்ணியை மூன்று தரம் ஊதினார். குடிக்கவில்லை.

அடுத்த மாதம் அதே அறை, அதே கேள்வி. மிஸ்ஸி வாய் திறக்க இருபத்தேழு விநாடி ஆயிற்று. நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நாலு மணிக்கு மிஸ்ஸிமாரு மாறுவாங்க. அந்த நேரம் அவரு என்னமோ கேப்பாரு, ஒருத்தருக்கும் வெளங்காது. ஏழாம் நாள் நான் பக்கத்துல இருந்து தோட்டத்து மழையப் பத்திப் பேசுனேன், தட்ட அடிக்கல. எனக்குப் படுறது இதுதான் அம்மா. அவரு ஆபத்தான ஆளு இல்ல. தனியாப் போன ஆளு. நான் நெனக்கிறது பிழையா இருந்தா எம் பேரப் போட்டுப் பிழைன்னு எழுதுங்க. அவரு மேல எழுதாதீங்க."

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் பெயர்த்தேன். டொக்டர் அம்மா பேனையை மூடி வைத்துவிட்டு, "இதுக்குத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன்" என்று தமிழிலேயே சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரியும்.

இப்போது மிஸ்ஸி அந்த வார்டில்தான் இருக்கிறார். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகக் கற்பனை நோயாளிகளை வைத்து மாதிரி அறிக்கைகள் எழுதி, நீதிமன்றத்தில் நிற்குமா பாருங்கள் என்று மாதம் ஒன்று எனக்கு அனுப்புகிறார். இதுவரை பதினெட்டு வந்திருக்கின்றன. பதினெட்டிலும் ஒரு பிழை இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்ததை அனுப்ப மாட்டாரே என்று, ஒவ்வொன்றிலும் சரியாக இருக்கிற ஒரு காற்புள்ளியைத் தேடி எடுத்து வேறோரிடத்தில் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.