அஷ்லின் விழுங்கிய சீட்டு

இயேசு மரி சூசை துணை

பரளச்சி,
8.7.1991

பெற்ற தாய்க்குச் சமமான ஞானப்பூ சித்தி அவர்களுக்கு,

உங்கள் மகள் ஏஞ்சலின் எழுதிக்கொள்வது. இந்நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ராத்திரி மணி பன்னிரண்டரை ஆகிறது. பகலில் பேனாவைத் திறந்தால் மூடியை அஷ்லின் வாயில் போட்டுக்கொள்கிறாள். அவள் வாய்க்குள் எது போனாலும் இந்த வீட்டில் இப்போது எல்லோருக்கும் நெஞ்சு பதறுகிறது, ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் நலம். அப்படி எழுதுவது முறை என்பதால் எழுதினேன். மழை இல்லை. கண்மாய்க்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மாமாவுக்கு மூட்டுவலி. உங்கள் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி குறைந்ததா, உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

சித்தி, எம்.எஸ்.டபிள்யூ. சமூகப்பணிப் படிப்புக்கு இரண்டு இடத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. ஒன்றும் வராமல் இருந்திருந்தால் ஒருநாள் அழுதுவிட்டு உலை வைக்கப் போயிருப்பேன். மதுரையில் என்றால் தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம், அதாவது விடியுமுன் போய் இருட்டியபின் வரலாம், அஷ்லினைத் தூங்கும்போது மட்டும் பார்க்கலாம். ஆனால் அங்கே முதல் வருடம் முழுக்கக் கிராமங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். நான் வேறு எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனநலப் பிரிவு இரண்டாம் வருடத்தில்தான், அதுவும் ஆள் சேர்ந்தால். உங்கள் ஊர் மெட்ராஸில் முதல் மாதத்திலிருந்தே வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வார்டு, நோயாளியிடம் நாம் என்ன பேசினோம் என்பதை எழுதிக் கொடுத்தால் ஒரு மேடம் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துவாராம். ஆனால் ஹாஸ்டல். இரண்டு வருடம். அஷ்லினுக்கு இப்போது இரண்டேகால் வயது.

தபால்காரர் கடிதத்தை என்னிடம் தருமுன் ஊருக்குச் செய்தி போய்விட்டது. எதிர்வீட்டுப் பெத்தம்மாள் அக்கா வந்து, "பைத்தியக்கார ஆஸ்பத்திரியில போயி படிக்கப் போறியாம்ல. அதுக்கு எதுக்குத்தா மெட்ராஸு? உங்க மாமியாகிட்ட இன்னும் ரெண்டு வருசம் இருந்தீன்னா பட்டத்தை வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பாக" என்றது. அத்தை உள்ளேயிருந்து, "பெத்த பிள்ளைய விட்டுட்டு ஊரான் பைத்தியத்தத் தெளிய வைக்கப் போறாகளாம்" என்றார்கள். இவுக வழக்கம்போல, "அப்பா என்ன சொல்றாகளோ" என்றுவிட்டு வீரசோழன் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு வீட்டில் ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று கேட்டால்கூட அப்பாவைப் பார்ப்பார்கள்.

நான் ஏன் இதைப் படிக்க வேண்டும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அஷ்லின் பிறந்து எட்டு மாதம் நான் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்ததை எல்லோரும் செத்துப்போன அம்மாவை நினைத்து அழுகிறேன் என்றார்கள், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். நீங்கள் கூட்டிப்போன இடத்தில், டாக்டராகவும் இல்லாத, நர்சாகவும் இல்லாத ஒரு அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார்களே, அதுவரை என்னிடம் அதை ஒருவரும் கேட்டதில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மாமா முடிவு சொன்னார்கள்: "திருவுளச்சீட்டு போட்ருவோம்." முப்பது வருடம் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர்கள், இந்த வீட்டில் கிணறு வெட்டியதும் சீட்டில்தான் (தண்ணீர் இல்லை), நான் வந்ததும் சீட்டில்தான். எனக்கும் காரியாபட்டிப் பெண் ஒன்றுக்கும் போட்டார்களாம். சில நாள் அந்தப் பெண்ணை நினைத்துப் பொறாமையாக இருக்கும்.

வியாழக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் மாதா படத்துக்கு முன்னால் செம்பு வைத்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சீட்டு எழுத என்னைச் சொன்னார்கள். எழுதிச் சுருட்டிப் போட்டேன். அஷ்லின் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். மாமா, "தாத்தாகிட்ட குடு தாயி" என்று கையை நீட்டினார்கள், அவள் எல்லோரையும் ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டாள். மாமா விரலை விட்டுத் தோண்டினார்கள், கடித்துவிட்டாள். இவுக முதுகில் தட்ட, நான் தலைகீழாகப் பிடிக்க, அத்தை அந்தக் களேபரத்திலும் முறை தவறாமல் மிச்சச் சீட்டை எடுத்துப்போய் அடுப்பில் போட்டுவிட்டார்கள். எடுக்காத சீட்டைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் மனசு மாறும், எரித்துவிட வேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கம். இருபது நிமிடம் கழித்து இவுக, "மிச்சத்தைப் பாத்திருந்தா முழுங்குனது எதுன்னு தெரிஞ்சிருக்கும்ல" என்றார்கள். கணக்கு வாத்தியார், சித்தி.

மறுபடி போடலாம் என்றேன். "ஆண்டவரு ஒருக்காத்தான் பேசுவாரு. திருப்பிக் கேட்டா அவரைச் சோதிக்கிறது. அவரு பேசினது பிள்ளை வயித்துல இருக்கு, வரும்" என்றார்கள் மாமா. அதிலிருந்து அஷ்லின் எங்கே குத்தவைத்தாலும் அத்தை ஒரு வேப்பங்குச்சியோடு பின்னால் போனார்கள். பெத்தம்மாள் அக்கா காலையும் மாலையும் வந்து விசாரித்தது. பஸ்ஸில் கண்டக்டர் தவசி அண்ணன் டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால், "என்ன சார், ரிசல்ட்டு வந்துருச்சா?" என்று இவுககிட்ட கேட்டிருக்கிறார், பஸ்ஸு முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை ராத்திரி பிள்ளைக்கு அனலாகக் காய்ச்சல். விடிந்ததும் அருப்புக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், நானும் அத்தையும். சீட்டுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை, தொண்டைதான் என்று டாக்டர் சொல்லி ஒருநாள் வைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் கிடந்தது, என்னைவிட இளசு. பூச்சிமருந்தைக் குடித்துவிட்டதாம். அதன் தாய் வருகிறவர்களிடமெல்லாம், "வயித்துவலி தாங்காம குடிச்சிருச்சு" என்று ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் டீ வாங்கப் போன நேரம் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டேன். அது சுவரைப் பார்த்துக்கொண்டே, "கலியாணத்துல இருந்து வரல" என்றது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. எனக்கு அடுத்த கேள்வி தெரியவில்லை சித்தி. ஒரே ஒரு கேள்விதான் என்னிடம் இருந்தது. கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அத்தை அஷ்லினை மடியில் போட்டுக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இன்று மத்தியானம் திரும்பி வருகிற பஸ்ஸில் அத்தை திடீரென்று அழ ஆரம்பித்தார்கள். "ஏத்தா, அடுப்புல போடுறதுக்கு முன்னாடி நான் பிரிச்சுப் பாத்துட்டேன். மதுரைன்னு இருந்துச்சு. அப்ப பிள்ளை முழுங்குனது மெட்ராஸுதான். நீ போயிருவியேன்னு நாலு நாளா வாய மூடிக்கிட்டு, குச்சிய வச்சுக்கிட்டு நாடகம் ஆடுனேன். அதுக்குத்தான் ஆண்டவரு பிள்ளை மேல கைய வச்சுட்டாரு" என்றார்கள். டாக்டர் தொண்டை என்றாரே என்றேன். "அவரு பாத்தது தொண்டைய. நீ போ. பிள்ளைய நான் வளக்குறேன். அந்தக் கட்டில்ல கெடந்த பிள்ளை ஆத்தாகிட்ட வாயத் திறக்கல, உன்கிட்ட பேசுச்சு" என்று என் தலையில் சிலுவை போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமா முன்னால் முழங்காலில் நின்று அதையே சொன்னார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவர் சித்தம்" என்றார்கள். இவுகளும் அப்பா சொன்னதைச் சொன்னார்கள். ஆக எல்லாம் முடிவாகிவிட்டது. நான் மெட்ராஸுக்கு வருகிறேன். காய்ச்சல் விட்ட அஷ்லின் சாயங்காலம் அத்தையை "அம்மா" என்று கூப்பிட்டாள். இப்போதே பழகட்டும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஹாஸ்டலில் உள்ளூர்க் காப்பாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். உங்களைத் தவிர எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மாமாவும் அத்தையும் உங்கள் வீட்டார் எல்லோரையும் ஜெபத்தில் நினைப்பதாகச் சொல்லச் சொன்னார்கள். தூங்குமுன் அஷ்லின் தன் கையாலேயே இந்தத் தாளின் அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறாள், அது உங்களுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
ஏஞ்சலின் இம்மானுவேல்

பி.கு. இதை எழுதாமலே உறையை ஒட்டிவிடலாம் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு சீட்டிலும் நான் மதுரை என்றுதான் எழுதினேன் சித்தி. அன்று மத்தியானம் அஷ்லின் என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கினாள், வேறு காரணம் இல்லை. சீட்டில் மெட்ராஸ் வராமல் போனால் நான் கொஞ்சநாள் அழலாம், பழி ஆண்டவர் மேல் போகும் என்று நினைத்தேன். அத்தை பார்த்தது மதுரை, அது சத்தியம். பிள்ளை விழுங்கியதும் மதுரை. மெட்ராஸ் அந்தச் செம்புக்குள் இருக்கவே இல்லை. இதைச் சொன்னால் முழங்காலில் நின்ற அத்தை முகத்தை நான் எப்படிப் பார்ப்பது. சொல்லாமல் வந்தால் இரண்டு வருடம் அந்த மேடத்துக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்தவர்களின் உண்மையை எப்படிக் கேட்பது. அந்தக் கட்டிலில் கிடந்த பெண்ணை நினைத்தால் வர வேண்டும் என்றிருக்கிறது, முந்தானையைப் பார்த்தால் வேண்டாம் என்றிருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போடுவதா, கிழித்துப் போடுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள், இனிமேல் சீட்டுப் போட எனக்குத் தைரியம் இல்லை. பதினைந்தாம் தேதி கடைசி நாள். சீக்கிரம் பதில் போடுங்கள்.